தோலால் குடிப்பது

மாடியில் குடியிருந்த செபஸ்தியான்
மஸ்கட்டுக்குப் போகும்போது
பாதி சிலிண்டரையும் ஒரு தவளையையும்
என்னிடம் விட்டுப்போனான்.
சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

தவளை கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது.
உள்ளங்கை அளவு, பச்சை,
எதற்கும் ஆச்சரியப்படாத முகம்.
வாயால் தண்ணீர் குடிக்காதாம்.
ஈரத்தில் வயிறு பட உட்கார்ந்தால்
தோலே குடித்துக்கொள்ளுமாம்.
"எதுமேல உட்காருதோ அதைக் குடிக்கும்க்கா,
பாத்துக்குங்க" என்றான்,
பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

அவன் வைத்திருந்த மரத்துண்டு
பூசணம் பிடித்து
தொட்டால் புட்டாக உதிர்ந்தது.
ஏறப் பிடியில்லாமல்
ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் ஒட்டி
வழுக்கி வழுக்கி இறங்கியது.
ஒரு கிளைதானே என்று கிளம்பினேன்.

ஒரு கிளை.
கடலூரில்.

தேவனாம்பட்டினத்தில் அலை கொண்டுவந்து போட்ட கட்டை
மான்கொம்புபோல் அத்தனை அழகு.
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்,
கரித்தது.
சுண்டல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உப்பனாற்றில் ஒதுங்கியதை
நாக்கில் வைக்கவும் இல்லை.

குடிகாட்டில் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில்
பேலட் கட்டைகள் மலையாய்க் கிடக்கும்.
பைன் மரம், பிசின் நெடி.
ஓரத்தில் எம்.பி. என்று முத்திரை இருந்தால்
விஷப்புகை போட்டது.
எச்.டி. என்றால் சூட்டில் வாட்டியது.
பதினோரு வருஷமாக
அந்த எழுத்துகளைப் பதிவேட்டில் ஏற்றுகிறேன்.
தொட்டுத் தூக்குகிறவர்களுக்கு அது தெரியுமா என்று
ஒரு தவளைக்காகத்தான் யோசித்திருக்கிறேன்.

முந்திரி வேண்டாம்,
கொட்டைப்பால் பட்டு வெந்த விரல்களைப்
பண்ருட்டி பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்.
வேம்பும் வேண்டாம்.
அம்மைக்கு நாம் படுக்கிற இலைதான்,
ஆனால் புழுவைக் கொல்கிற கசப்பு
தவளையை மட்டும் விட்டுவைக்குமா?
புதுப்பாளையம் விறகுக்கடையில் சவுக்கு கட்டுக்கட்டாய்.
கை வைத்ததும் சிலாம்பு ஏறியது.
அந்த வயிறோ நனைந்த காகிதம்.

புரட்டாசிக் கடைசியில்
மின்வாரியத்து ஆட்கள்
கம்பியில் உரசும் கிளைகளைக் கழித்துக்கொண்டு வந்தார்கள்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டி
கொய்யா.
வழவழவென்று, தானே பட்டை உரிகிற மரம்.

"விறகுக்கா?" என்றார் ஏணியில் நின்றவர்.
"தவளைக்கு."
அவர் சிரிக்கவில்லை.
"எவ்ளோ நீளம்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கார அம்மாவிடம் விசாரித்தேன்,
மரத்துக்கு மருந்து ஏதும் அடிச்சீங்களா?
"காயையே அணில் முடிச்சிடுது,
அதுக்கு மருந்து வேறயா?"

அணில் தின்று சாகாத மரம்.
இதற்கு மேல் எந்த ஆபீசில் சான்றிதழ் வாங்க?

பட்டை சுரண்டி
பெரிய குண்டானில் மூன்று தரம் கொதிக்கவைத்தேன்.
முதல் தண்ணீர் டீ நிறம்.
இரண்டாவது வெந்தயம் ஊறியதுபோல்.
மூன்றாவதில் குண்டானின் அடி தெரிந்தது.
"அதுல இனிமே சோறு வடிக்காத" என்றார் வீட்டுக்காரர்.
வடித்தேன்.
சாப்பிட்டார்.

மொட்டைமாடியில் ஒரு வாரம் காய்ந்த கிளை
தொட்டிக்குள் சாய்ந்து நின்றது.
நான்கு ராத்திரி அது ஏறவில்லை.
கண்ணாடியிலேயே, பழைய பிடிவாதம்.

ஐந்தாம் ராத்திரி
இரண்டாம் ஷிப்டு முடிந்து பத்தே முக்காலுக்கு வந்தேன்.
தொட்டியைத் திறக்கும் முன்
சோப்பில்லாமல், வெறுந்தண்ணீரில்,
முழங்கைவரை மூன்று தரம் கழுவ வேண்டும்.
கழுவினேன்.
மணிக்கட்டுச் சிவப்பு எரிந்தது.
கிளவுஸ் அலர்ஜி என்று கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்தது.

கொய்யாவின் கவட்டில் உட்கார்ந்திருந்தது.
பின்னங்காலால் முதுகைத் தள்ளித் தள்ளி
இறுக்கமான சட்டையைக் கழற்றுவதுபோல்
தன் தோலைக் கழற்றிக்கொண்டிருந்தது.
கழற்றியதை வாயோரம் இழுத்து
கண்ணை அமுக்கி விழுங்கியது.
உள்ளே இன்னொரு பச்சை,
இன்னும் யாரும் தொடாதது.

நான் மூடியைத் திறக்கவில்லை.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
நாளைக்கும் இரண்டாம் ஷிப்டு.